துண்டில் வந்த ஆட்டக்காரன்

நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு ஆளை எங்கள் பந்தாட்டச் சங்கம் விலைக்கு வாங்கியது. வாங்கினோம் என்று அப்போது நாங்கள் யாரும் சொல்லவில்லை. ‘கடனைக் கட்டிக் கூட்டிவந்தோம்’ என்றுதான் சொன்னோம். நான் அந்தச் சங்கத்தின் காரியதரிசி. பணப்பெட்டியின் சாவி என் இடுப்பில் இருந்தது. எனக்கு இருபத்தாறு வயது.

முதலாவது பெரிய யுத்தம் முடிந்து, இலங்கை மலைநாட்டில் பண்டாரவளையிலிருந்து தெமோதரைப் பக்கம் ரயில் பாதை வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. பதுளைக் கடைவீதியில் என் அக்காள் புருஷனுக்கு அரிசிக்கடை. பல தோட்டங்களுக்கு அங்கிருந்துதான் அரிசி போகும். அத்தானிடம் நான் கணக்கு எழுதினேன். சாப்பாடும் படுக்கையும் அக்காள் வீட்டில். சம்பளத்தைக் கையில் வாங்குவதில்லை. என் பேரில் வரவு வைத்து அத்தானிடமே கிடக்கும். கல்யாணத்துக்கு ஆகும் என்பது ஏற்பாடு.

சங்கத்தைத் தொடங்கியவர் அத்தான் இல்லை. எங்கள் கடைக்குச் சரக்கு ஏற்றும் மாட்டுவண்டிக்காரர் ஒருவர். நான்கு வண்டி சொந்தமாக வைத்திருந்தார். நாற்பது வயதிலும் கோல் காத்தார். எல்லாருக்கும் அவர் வண்டிக்கார அண்ணன். கடைச் சிப்பந்திகளையும் வண்டியோட்டிகளையும் சேர்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றோரத் திடலில் வெறுங்காலோடு ஆடத் தொடங்கினார்கள். ஒரு தடவை ஒரு வண்டியோட்டிக்கு ஆட்டத்தில் மணிக்கட்டு முறிந்தது. இரண்டு மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. அவன் வீட்டில் அடுப்பு எரியாததைப் பார்த்துவிட்டு வந்த அண்ணன், வாரத்துக்கு ஆளுக்கு ஐந்து சதம் போட ஒரு தகரப் பெட்டி வைத்தார். அடிபட்டவனுக்குக் கொடுக்க மட்டும். சங்கத்துக் காசு வேறு, அந்தப் பெட்டிக் காசு வேறு. இரண்டும் என் பொறுப்பில்தான் இருந்தன.

மாகாணத்தில் அணிகளை இரண்டு பிரிவாக வைத்திருந்தார்கள். மேல் பிரிவில் துரைமார் அணி, உத்தியோகத்தர் அணி, ரயில் பாதைக்காரர் அணி. கீழ்ப் பிரிவில் எங்களைப் போன்றவர்கள். ஒரு வருஷம் கீழ்ப் பிரிவில் முதலாவதாக வந்தோம். மேலே ஏற்றினார்கள். கடைவீதியில் வெடி கொளுத்தினார்கள். ஏறின பிறகுதான் அங்கே நிற்க எவ்வளவு செலவு என்று தெரிந்தது. முன்பணம் கட்ட வேண்டும். ஒரே நிறத்தில் சட்டை வேண்டும். அப்புத்தளை வரைக்கும் போய் ஆட வேண்டும். போனால் இரண்டு நாள் வேலை கெடும். அதோடு நாங்கள் தோற்றுக்கொண்டே இருந்தோம். முதல் ஐந்து ஆட்டத்தில் ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. திடலைச் சுற்றிக் கயிறு கட்டி, உள்ளே வருகிறவரிடம் ஐந்து சதம் வாங்குவோம். தோற்கத் தோற்கக் கயிற்றுக்காசும் குறைந்தது.

அந்தச் சமயத்தில்தான் அத்தான் தலைவராக வந்தார். அவருக்குப் பந்தாட்டத்தில் ஆசை இல்லை என்று சொல்ல முடியாது. திடலின் ஓரத்தில் நின்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் கத்துவதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஆட்டம் பார்க்க வரும் துரைமார் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவது வியாபாரத்துக்கு நல்லது என்பதும் அவருக்குத் தெரியும்.

“தோத்துக்கிட்டே இருந்தா யாரு மாப்ளே காசு குடுத்து வேடிக்கை பாப்பா?” என்றார் ஒருநாள். “ஜெயிச்சா ஆள் வரும். ஆள் வந்தாக் காசு வரும். காசு வந்தா இன்னும் நல்லா ஆடலாம். மொதல்ல ஜெயிக்கணும்.”

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. ஒரு தாளில் எழுதிக்கூடப் பார்த்தேன். கோல் போடத் தெரிந்த ஒருவன் வந்தால் கயிற்றுக்காசு இவ்வளவு ஏறும், இத்தனை ஆட்டத்தில் செலவு திரும்பிவிடும் என்று. அந்தத் தாளில் வரவு பக்கத்தில் நான் எழுதினது எல்லாம் இனிமேல் வரப்போகிற பணம். செலவு பக்கத்தில் எழுதினது உடனே கொடுக்க வேண்டிய பணம். வித்தியாசம் எனக்குத் தெரியாமல் இல்லை. கணக்கு எழுதுகிறவனுக்கு அது தெரியாமல் இருக்குமா?

கோல் போடத் தெரிந்தவனை நாங்கள் முன்பே பார்த்திருந்தோம். நமுனுகுலப் பக்கம் ஒரு தோட்டத்தில் பொங்கலுக்கு மறுநாள் ஆடப் போனபோது, தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும் ஒருவன் இடது காலால் எங்கள் அண்ணனுக்கு மூன்று கோல் போட்டான். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். ஒல்லியான ஆள். பந்து அவன் காலுக்கு வந்தால் மற்றவர்கள் ஓடுவதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். திரும்பி வரும்போது வண்டியில் அண்ணன், “இவன் மட்டும் நம்ம பக்கம் இருந்தா” என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரிப்புக்குச் சொன்னதை அத்தான் காரியமாக எடுத்துக்கொண்டார்.

தோட்டத்தில் பேர் பதிந்த ஆள் நினைத்தபோது வெளியேற முடியாது. ஊரிலிருந்து வந்த செலவு, கல்யாணச் செலவு, கம்பளிக் காசு என்று அவனை வேலைக்குக் கொண்டுவந்த கங்காணியிடம் கடன் ஏறியிருக்கும். வேறொரு தோட்டம் அவனைக் கேட்டால் கங்காணி கடன் தொகையை ஒரு சீட்டில் எழுதித் தருவார். அதற்குத் துண்டு என்று பேர். தொகையைக் கட்டுகிறவர் பக்கம் ஆள் போவான். கடனும் அவனோடு கூடவே போகும். தோட்டங்கள் இப்படி ஆள் மாற்றிக்கொள்வதை நாங்கள் தினமும் பார்த்துக்கொண்டிருந்தோம். பந்தாட்டத்துக்கும் அது உதவும் என்று நினைத்தது நாங்கள்தான். கடையில் மூட்டை தூக்குகிற ஆளாக அவனை எடுத்துக்கொள்வது, ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்கு ஆடவைப்பது என்று முடிவானது. கடனில் நூறு ரூபாய் தான் போடுவதாகவும் மீதியைச் சங்கம் போட வேண்டும் என்றும் அத்தான் சொன்னார்.

நான் போய்ப் பேசினேன். கங்காணி தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, பால் விட்ட தேத்தண்ணி கொடுத்தார். வெள்ளைத் தலைப்பாகையும் கோட்டும் போட்ட பெரிய மனிதர். அவனும் அவன் பெண்சாதியும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

“நூத்தி எம்பத்தி ரெண்டு ரூவா,” என்றார் கங்காணி.

“ஒரு ஆளுக்கு அவ்வளவா?”

“ரெண்டு ஆளுக்கு. புருஷன் பொஞ்சாதி கடன் ஒரே துண்டுலதான் இருக்கு. அதப் பிரிச்சு எழுத மாட்டேன்.” பிறகு, “அவன் காலுக்கு நான் வெலை சொல்லலீங்க. கடனுக்குத்தான் சொல்றேன்” என்றார்.

சங்கத்தின் காசாக என்னிடம் இருந்தது சொற்பம். ஆனால் நான் வெறுங்கையோடு போகவில்லை. தகரப் பெட்டியில் மூன்று வருஷமாகச் சேர்ந்ததில் கொடுத்தது போக எண்பத்தேழு ரூபாய் இருந்தது. முதல்நாள் அத்தானிடம் அதைப் பற்றிக் கேட்டிருந்தேன். “பெட்டியில தூங்குற காசுதானே மாப்ளே. ரெண்டு மாசத்துல திருப்பி வச்சிடலாம்,” என்றார். அண்ணனிடம் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று தெரிந்ததால்தான் கேட்கவில்லை. பணத்தை மடிப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

அவன் பெண்சாதிதான் கேட்டாள். கொழுந்துக் கூடையை இன்னும் முதுகிலிருந்து இறக்கவில்லை.

“அங்க வந்தா இவரு பந்து மட்டும் அடிச்சாப் போதுங்களா, மூட்டையும் தூக்கணுங்களா?”

“ரெண்டும்தாம்மா. மாசம் பதினஞ்சு ரூவா. அரிசி உண்டு. மூட்டை அடுக்குற கிட்டங்கிக்குப் பின்னால ஒரு அறை உண்டு.”

“கால்ல அடிபட்டா?”

“அதுக்குன்னே சங்கத்துல தனியாப் பணம் இருக்கு,” என்றேன்.

சொல்லிவிட்டு அந்தப் பணத்தை எடுத்து, அத்தான் கொடுத்த நூறு ரூபாயோடு சேர்த்துக் கங்காணி முன்னால் எண்ணி வைத்தேன். மிஞ்சின ஐந்து ரூபாய் அவர்களைக் கூட்டிவந்த வண்டிக்குப் போனது. வேறு எதற்காகவும் நான் அன்றைக்குப் போலக் கூச்சமில்லாமல் பொய் சொன்னதில்லை. பணம் சீக்கிரம் திரும்பிவிடும் என்று நம்பினதால் அது பொய் மாதிரியே எனக்குத் தோன்றவில்லை.

அவன் வந்தான். நாங்கள் ஜெயித்தோம்.

முதல் ஆட்டத்தில் உத்தியோகத்தர் அணிக்கு அவன் இரண்டு கோல் போட்டான். அடுத்த ஞாயிறு திடலில் கயிற்றுக்குள்ளே நிற்க இடமில்லை. பஸறைப் பாதையிலிருந்தும் தெமோதரை வேலைத்தளத்திலிருந்தும் ஆட்கள் நடந்தே வந்தார்கள். தோட்டத்து ஜனங்கள் சம்பள நாளுக்கு மறுநாள் குடும்பத்தோடு வந்து கடலை வாங்கித் தின்றுகொண்டு பார்த்தார்கள். அவன் பந்தை எடுத்துக்கொண்டு ஓரமாக ஓடும்போது, அந்த ஓரத்தில் நிற்கிறவர்கள் எல்லாம் கூடவே ஓடுவார்கள். முன்பு நாலு ரூபாய் வந்த கயிற்றுக்காசு இருபது ரூபாய்க்குப் போனது.

ஆனால் வந்த காசு நிற்கவில்லை. அவனுக்குச் சம்பளம் என்று தெரிந்ததும் மற்றவர்கள் கேட்டார்கள். “அவன் ஆடினாக் கூலி, நாங்க ஆடினா வேலை கெட்ட நாளா?” என்று ஒரு வண்டியோட்டி கேட்டான். நியாயமான கேள்வி. ஆளுக்கு ஐம்பது சதம் கொடுக்கத் தொடங்கினேன். நடுவில் நின்று ஆட ஒரு ஆளும், பின்னால் தடுக்க ஒரு ஆளும் வேண்டும் என்றார் அத்தான். ரயில் பாதை வேலையிலிருந்து இரண்டு பேரை மாதச் சம்பளத்துக்கு இழுத்தோம். வெளியூர் போனால் இறைச்சிச் சோறு கேட்டார்கள். ஜெயிக்கிற அணி கிழிந்த பந்தோடு போகக் கூடாது என்று புதுப் பந்து. ஒரு தடவை தகரப் பெட்டியில் பத்து ரூபாய் திருப்பி வைத்தேன். அடுத்த வாரம் வண்டி வாடகைக்கு அதையே எடுத்தேன். ஜெயிக்கும்போது நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் தோற்போம், தோற்றால் வருகிற காசும் நின்றுபோகும். ஒவ்வொரு வாரமும் அடுத்த ஆட்டத்தை நம்பி இந்த ஆட்டத்தை ஆடினோம்.

நடுவில் வண்டியோட்டி ஒருவனுக்கு முழங்கால் வீங்கியது. பெட்டியிலிருந்து கொடுக்கச் சொல்லி அண்ணன் ஆள் அனுப்பினார். அக்காளிடம் பொய்க் காரணம் சொல்லி இரண்டு ரூபாய் வாங்கிக் கொடுத்தனுப்பினேன். அதற்குப் பிறகு அண்ணன் கடைக்கு வந்தால் நான் கிட்டங்கிப் பக்கம் போய்விடுவேன்.

ஆட்டப் பருவத்தின் முடிவில் மேல் பிரிவு அணிகளுக்குள், தோற்றவர் வெளியேறும் கோப்பைப் போட்டி ஒன்று நடக்கும். அதில் கடைசி ஆட்டத்துக்கு முந்தின ஆட்டம் துரைமார் அணியோடு. அந்த வாரம் விடாமல் மழை. வெள்ளிக்கிழமை அவன் கடையில் மூட்டையை இறக்கிவிட்டு என்னிடம் வந்து நின்றான். இடது காலில் கணுக்காலுக்கு மேலே வீங்கியிருந்தது.

“ஐயா, இந்த ஒரு ஆட்டம் நான் ஆடாம இருக்கட்டுங்களா? மூட்டை தூக்கையில வலி கூடுது.”

நான் அத்தானிடம் போய்ச் சொன்னேன். “அவனப் பாக்கத்தான் மாப்ளே ஜனம் வருது. அவன் இல்லேன்னு தெரிஞ்சா யாரு மழையில வருவா?” என்றார். அதோடு விட்டுவிட்டார். கட்டாயப்படுத்தும்படி அவர் சொல்லவில்லை. அதைச் செய்தது நான். திரும்பி வந்து, “இன்னைக்கும் நாளைக்கும் மூட்டை தூக்க வேணாம். ஞாயித்துக்கிழமை ஒரு ஆட்டம் மட்டும் ஆடிரு,” என்றேன்.

“நீங்க சொன்னாச் சரிங்க,” என்றான்.

அன்றைக்கு மட்டும் நாற்பது ரூபாய்க்கு மேல் வசூல். குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். முதல் பாதியில் அவன் ஒரு கோல் போட்டான். இரண்டாவது பாதியில் சேற்றில் பந்துக்காக அவனும் சப்பாத்துப் போட்ட ஒரு வெள்ளைக்காரரும் ஒரே நேரத்தில் கால் நீட்டினார்கள். வேண்டுமென்று செய்ததில்லை. அந்தத் துரையே முதலில் குனிந்து அவனைத் தூக்கப் பார்த்தார். எலும்பு முறிந்த சத்தம் திடலோரம் நின்ற எனக்குக் கேட்டது. அவன் கத்தவில்லை. சேற்றைக் கைநிறைய அள்ளிப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தான்.

நாங்கள் ஒன்றுக்குச் சூனியம் என்று ஜெயித்தோம்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். எலும்பு கூடும், ஆனால் பழையபடி ஓட முடியாது, நாலு மாதமாவது எழுந்து வேலை செய்யக் கூடாது என்றார் டாக்டர். அவன் பெண்சாதி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். கடையில் வேலை செய்யாதவனுக்குச் சம்பளம் கிடையாது. அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளிடம் சொன்னதை அவள் நினைத்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும். அவள் அதைக் கேட்கவில்லை.

கேட்டது அண்ணன். மறுநாள் காலையில் கடைக்கு வந்தார். அத்தான் அரசாங்கக் கச்சேரிக்குப் போயிருந்தார். நான் தப்பித்துப் போக நேரமில்லை.

“தகரப் பெட்டியத் தொற தம்பி. அவனுக்கு முப்பது ரூவா முன்னாடியே குடுத்துருவோம். மத்தத மாசா மாசம் குடுக்கலாம்.”

“அண்ணே, அதுல ஒண்ணும் இல்ல.”

அவர் நான் சொன்னது புரியாதது போல நின்றார். பிறகு பக்கத்திலிருந்த அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தார்.

“எப்பலருந்து?”

“அவனக் கூட்டிக்கிட்டு வந்த அன்னைலருந்து.”

“மொதலாளிக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எனக்கு மட்டுந்தான் தெரியாது,” என்றார். அவர் என்னை ஒரு அறை அறைந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். “வண்டிக்காரப் பயலுக வெத்தலைக்கு வச்சிருந்த காசுல அஞ்சஞ்சு சதமாப் போட்டதுப்பா அது.” எழுந்தார். “கடைசி ஆட்டம் இருக்கு. ஆடி முடிப்போம். அதுக்கப்புறம் கூட்டத்துல நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்.”

மடியிலிருந்து ஐந்து ரூபாயை எடுத்து, அதை அவனிடம் கொடுக்கச் சொல்லி மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

கடைசி ஆட்டத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. ரயில் பாதைக்காரர் அணி எங்களை விடப் பலமானது. ஆட்டம் முழுவதும் பந்து எங்கள் கோல் பக்கமே இருந்தது. அண்ணன் விழுந்து விழுந்து பிடித்தார். மார்பு, முழங்கை எல்லாம் தோல் உரிந்து ரத்தம். நாங்கள் புதிதாகச் சம்பளத்துக்கு எடுத்த நடு ஆட்டக்காரன் எப்படியோ ஒரு கோல் போட்டான். கோப்பை எங்களுக்கு. கடைவீதியில் மேளம் அடித்தார்கள். கோப்பையை எங்கள் கடையில் அரிசி மூட்டைகளை அடுக்கி அதன் மேல் வைத்தார்கள். இரண்டு நாள் ஜனங்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த வாரமே இரண்டு தோட்டத்துக்கு அரிசி கொடுக்கும் ஒப்பந்தம் அத்தானுக்குக் கிடைத்தது. சங்கத்தின் கையில் இருந்தது கடைசி ஆட்டத்தின் கயிற்றுக்காசு மட்டும். அதற்குப் பந்துக்காரர், சட்டை தைத்தவர், சாப்பாட்டுக் கடைக்காரர் மூவரும் காத்திருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு காலை வண்டிப்பேட்டையில் கூட்டம். முப்பது பேர் இருக்கும். நான் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மொத்தம் ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. முழங்கால் வீங்கியவனும் அங்கே இருந்தான். அவனுக்குக் கொடுத்த இரண்டு ரூபாய் எங்கிருந்து வந்தது என்பதையும் சொன்னேன். அவன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வேறு பக்கம் பார்த்தான்.

அத்தான் நாற்காலியிலிருந்து எழுந்தார். முகம் சிவந்திருந்தது, ஆனால் குரலை உயர்த்தவில்லை.

“கோப்பை வேணும் கோப்பை வேணும்னு நீங்க எல்லாருந்தான கத்துனீங்க. ஆடுறதுக்கு ஐம்பது சதம் வாங்குனீங்க. இறைச்சிச் சோறு தின்னீங்க. காசு எங்கிருந்து வருதுன்னு ஒருத்தனாச்சும் கேட்டீங்களா?”

அதில் உண்மை இருந்தது. அண்ணன்தான் கடைசியில் பேசினார்.

“கேட்டிருக்கணும். நான் கேக்கல. எனக்கும் ஜெயிக்கிறது இனிச்சுது.”

அன்றைக்கு மூன்று முடிவு எடுத்தார்கள். கடைசி ஆட்டத்துக் காசு முழுவதும் கால் முறிந்தவனுக்கு. கடைக்காரர்களுக்கு மாதம் கொஞ்சமாகக் கொடுப்பது. சம்பள ஆட்கள் இருவரையும் விட்டுவிடுவது. மேல் பிரிவுக்கு மறுபடி முன்பணம் கட்டப் பணம் இல்லை என்பதால் கீழே இறங்குவது என்பது அதோடு தானாக முடிவானது. கோப்பையை வென்ற அணி தானே கீழே இறங்குவதை அந்தப் பக்கம் யாரும் பார்த்ததில்லை. இளவட்டங்கள் பலர் எழுந்து போய்விட்டார்கள். அத்தான் தலைவர் பதவியை விட்டார். தகரப் பெட்டியின் சாவியை நான் நீட்டினேன். அண்ணன் வாங்கிக்கொண்டார்.

துண்டு மிச்சம் இருந்தது. சங்கம் கீழே இறங்கினாலும் கால் முறிந்தவனும் அவன் பெண்சாதியும் பட்ட கடன் அத்தானின் பேரேட்டில் அப்படியே இருந்தது. அதில் நூறு ரூபாய்க்கு அவர்தான் சொந்தக்காரர். பத்து நாள் கழித்து அத்தான் என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். பெரகலைக்குக் கீழே ஒரு தோட்டத்துக் கங்காணிக்கு ஆள் வேண்டுமாம். கடனைக் கட்டி இருவரையும் எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தார்.

“அவனால நடக்க முடியாதே அத்தான்.”

“அவளுக்குக் கை நல்லாத்தான இருக்கு. கொழுந்து பறிப்பா. ரெண்டு பேரு கடனையும் அவ ஒருத்தி வேலையில கழிப்பா. நான் என்ன மாப்ளே, தர்மத்துக்கா கடை வச்சிருக்கேன்?”

பேனாவைக் கீழே வைத்தேன். என் பேரில் இருக்கும் சம்பளப் பணத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடும்படி கேட்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. “யோசிச்சுத்தான் பேசுறியா?” என்று மட்டும் கேட்டார். பேரேட்டை அவரே எடுத்துவந்தார். ஒரு சதம்கூடக் குறைக்கவில்லை. அதிலிருந்து நூறு ரூபாயைத் திருப்பி அவரிடமே கொடுத்து, துண்டை வாங்கிக்கொண்டேன். எண்பத்தேழு ரூபாயை அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாங்கிப் பெட்டியில் போட்டார். மிச்சம் இருந்தது ஒரு டிரங்குப் பெட்டியும் இரண்டு வேட்டியும் வாங்கவே சரியாக இருந்தது.

அன்று மத்தியானம் அக்காள் எனக்குச் சோறு போட்டாள். “அவரு முன்னால இனி உக்காந்து சாப்பிடாதே,” என்றாள். அவள் என்னைப் போகச் சொல்லவில்லை. அந்த வீட்டில் தொடர்ந்து இருக்க வேண்டியவள் அவள். நான் சாயங்காலத்துக்கு முன்பு என் சாமான்களை எடுத்துக்கொண்டு வண்டிப்பேட்டைக்குப் போனேன். அங்கே அண்ணனுக்குச் சரக்குச் சீட்டு எழுத ஒரு ஆள் தேவையாக இருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் அவன் பெண்சாதியிடம் துண்டைக் கொடுத்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. தாளைத் திருப்பிப் பார்த்தாள்.

“இது யாரு காசுங்க? உங்க காசா, மொதலாளி காசா?”

“என் காசு.”

“அப்ப இனி உங்களுக்குக் கடனா?”

“இல்லம்மா. யாருக்கும் கடன் இல்ல. கிழிச்சுப் போட்ரலாம்.”

அவள் கிழிக்கவில்லை. நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். நன்றி என்று எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்த்ததை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவர்கள் எப்போது பதுளையை விட்டுப் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் போனபோது கட்டில் காலியாக இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து அவனைப் பார்த்தேன். ரயில் தெமோதரை வரைக்கும் வந்துவிட்டது, பதுளைக்கு இன்னும் வரவில்லை. சரக்கெல்லாம் தெமோதரையில் இறங்கி அண்ணனின் வண்டிகளில் பதுளைக்கு வரும். சீட்டு எழுத நான் வாரம் இரண்டு முறை அங்கே போவேன். ஒரு ஒப்பந்தக்காரரின் சிமெந்துக் கிட்டங்கி வாசலில் காவலாளாக உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். இடது காலை இழுத்துத்தான் நின்றான்.

“ஒக்காருப்பா,” என்றேன். அவன் உட்காரவில்லை.

பெண்சாதி பாதை வேலையில் கல் சுமக்கிறாள் என்றான். பக்கத்தில் சாக்கின் மேல் தூங்கின பெண் குழந்தை அவர்களுடையது. ஊருக்குப் போகலாமா என்று யோசனை, முடிவாகவில்லை. அப்புறம் அவனே கேட்டான்.

“சங்கம் இப்ப மேலயா ஆடுதுங்க?”

“இல்ல. கீழ்ப் பிரிவுலதான்.”

“ஜெயிக்கிறாங்களா?”

“சில சமயம். பெரும்பாலும் சமம்.”

அவன் தலையாட்டினான். நான் வெகு நாளாகச் சொல்ல நினைத்ததைச் சொல்லத் தொடங்கினேன். அன்றைக்கு அந்த வீங்கின காலோடு உன்னை ஆடச் சொன்னது என் தப்பு என்று. அவன் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்.

“அந்த மூணு மாசம் நல்லாத்தாங்க இருந்துச்சு. நான் எறங்குன ஆட்டத்துல ஒண்ணுகூட நாம தோக்கலீங்க. கவனிச்சீங்களா?”

கவனித்திருந்தேன். ஆமாம் என்றேன். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்தது பெருமைதான். எனக்கு அதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அவன் என்னைத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். மூட்டைகளை எண்ணச் சொல்லி வண்டியோட்டி கூப்பிட்டான். நான் சீட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். எண்ணிக்கையில் தவறி மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று. முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அவன் கிட்டங்கிக் கதவைப் பூட்டிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அப்போது தொடங்கின மழைக்கு ஒதுங்கி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தான்.